சென்னைக்கு ஏற்ற கால்பந்து மாதம் எது? ஐ.எஸ்.எல். அட்டவணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியன் சூப்பர் லீக் எந்த மாதம் தொடங்க வேண்டும், எந்தக் கிழமை ஆட வேண்டும், எத்தனை மணிக்கு விசில் ஊத வேண்டும்? கேலரியிலும் ரயிலிலும் டீக்கடையிலும் என்னிடம் பலர் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். நான் சென்னையின் எப்.சி. ரசிகன். அதனால் பல இடங்களில் சென்னை கேலரியில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை அதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

அட்டவணையைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்?

பழைய ஏற்பாடு முடிந்துவிட்டது என்பதால்தான். 2010-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிகப் பங்குதாரருடன் 15 ஆண்டுகளுக்குச் செய்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு காலாவதியானது. அது புதுப்பிக்கப்படாத நிலையில், 2025 ஜூலையிலேயே அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு விடப்பட்ட டெண்டருக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய லீக் 2026 பிப்ரவரி 14 அன்றுதான் தொடங்கியது. 14 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்றொன்றுடன் ஒரே ஒரு முறை, மொத்தம் 91 ஆட்டங்கள்.

நெருக்கடியில் பிறந்த அட்டவணை அது. அதையே நிரந்தரமாக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் "இப்படித்தான் நடக்கும்" என்று இருந்த ஒன்று, தேவை வந்தால் மாறும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புதிதாக எழுதப்போகிறோம் என்றால், இந்த முறை ரசிகனை முன்னால் உட்காரவைத்து எழுதலாமே என்பதுதான் என் ஆசை.

இதுவரை லீக் எந்தெந்த மாதங்களில் நடந்திருக்கிறது?

2014-ல் முதல் சீசன் அக்டோபர் 12-ல் தொடங்கி டிசம்பர் 20-ல் முடிந்தது. எட்டு அணிகள், 61 ஆட்டங்கள், பத்தே வாரங்கள். 2017-18-ல் பெங்களூரு எப்.சி.யும் ஜம்ஷெட்பூரும் சேர்ந்து பத்து அணிகளானபோது, நவம்பரிலிருந்து மார்ச் வரை நீண்டது. கொரோனா காலத்தில் இரண்டு சீசன்கள் கோவாவிலேயே, பெரும்பாலும் ஆளில்லாத அரங்குகளில் நடந்தன. 2022-23-ல் மறுபடி ஊர் ஊராக வந்தது. பெரும்பாலான ஆட்டங்கள் வியாழன் முதல் ஞாயிறுக்குள் வரும்படி வைத்தார்கள். 2024-25-ல் 13 அணிகள். செப்டம்பர் 13-ல் தொடங்கி ஏப்ரல் 12 வரை ஏழு மாதம் ஓடியது.

முதல் சீசனில் அரங்கு நிரம்பி வழிந்ததே? அதுபோலக் குறுகிய சீசனே நல்லதில்லையா?

அந்த ஆண்டை மறக்க முடியாது. தொடக்க ஆட்டத்துக்குக் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 65,000 பேர் திரண்டார்கள். சீசன் முழுவதற்குமான சராசரியே 24,000-ஐத் தாண்டியது. சீசன் நீண்ட பிறகு அந்தச் சராசரி கணிசமாக இறங்கிவிட்டது என்பதும் உண்மை.

ஆனால் "குறுகிய சீசன், அதனால் கூட்டம்" என்று இரண்டையும் நேராக முடிச்சுப் போட்டுவிட முடியாது. புதுமையின் ஈர்ப்பு இருந்தது. டெல் பியரோ, பைரஸ், யூன்பெர்க் போன்ற ஐரோப்பிய நட்சத்திரங்களின் பெயர்கள் இருந்தன. மாட்டராஸி நம் சென்னைக்கே வந்து ஆடினார். பத்து வாரம் என்பது ஒரு திருவிழாவின் நீளம். அந்தப் பத்து வாரம் ஊரே அதையே பேசிக்கொண்டிருக்கும்.

இப்போது அது முடியாது. பத்து வாரம் ஆடிவிட்டு மீதி ஆண்டு முழுவதும் சும்மா இருந்தால் வீரன் வளர மாட்டான். ஆசியக் கிளப் போட்டிகளில் இடம் வேண்டுமானால், ஓர் அணி ஆண்டுக்குக் குறைந்தது 24 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று ஆசியக் கூட்டமைப்பு எதிர்பார்க்கிறது. அதனால் நீண்ட சீசன் தவிர்க்க முடியாதது. அந்த நீளத்துக்குள் எந்த ஊருக்கு எந்த வாரம் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

சரி, சென்னைக்கு எந்த மாதம்?

டிசம்பர் மூன்றாம் வாரம் முதல் பிப்ரவரி கடைசி வரை. தயங்காமல் சொல்வேன்.

சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொட்டிவிடுகிறது. லீக் சூடுபிடிக்கும் அதே மாதங்கள். 2015-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையின் எப்.சி. அரையிறுதிக்கு வந்துவிட்டது. முதல் ஆட்டம் சொந்த மண்ணில், எதிரே நடப்புச் சாம்பியன் கொல்கத்தா. டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் வந்தது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் முடிச்சூரும் தண்ணீருக்குள் கிடந்தபோது, அந்த ஆட்டத்தை டிசம்பர் 12 அன்று புனே பாலேவாடியில் வைத்தார்கள். நம் அணி 3-0 என்று வென்றது. அணியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. அதை நேரில் பார்க்க சென்னைக்காரனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மின்சாரம் வராத வீட்டில், பேட்டரி தீரப்போகும் கைபேசியில் கோல் செய்தி கேட்டவர்கள்தான் நாங்கள். எட்டு நாள் கழித்து கோவாவில் கோப்பையையும் வென்றார்கள்.

அந்த வெள்ளத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் டிசம்பர் முதல் பாதியில் சென்னையில் புயல் அபாயம் உண்டு என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அடுத்த ஆண்டே அதே டிசம்பர் 12-ல் வர்தா வந்து மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது.

மழை ஓய்ந்த பிறகு பாருங்கள். மார்கழி பாதிக்கு மேல் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் சுடாது, ஏழு மணிக்குக் காற்று இதமாக இருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். பொங்கல் விடுமுறை இருக்கும். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு மார்ச் வரை நேரம் இருக்கும். இன்னொரு வசதி: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான பிபாவின் நாட்காட்டியில் தேசிய அணிகளுக்கான இடைவெளி கிடையாது. அவை செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச், ஜூன் மாதங்களில்தான் வருகின்றன. ஆக, தொடர்ந்து பத்து வாரம் தடையில்லாமல் ஆடலாம்.

அந்தப் பத்து வாரத்தை லீக் எப்போதும் பயன்படுத்தித்தானே வந்திருக்கிறது?

எப்போதும் இல்லை. 2024 ஜனவரியில் லீக்கையே ஒரு மாதம் நிறுத்திவிட்டார்கள். தேசிய அணி ஆசியக் கோப்பைக்காகக் கத்தாருக்குப் போனது. அதே மாதம் கிளப்புகள் சூப்பர் கோப்பைக்காக புவனேஸ்வருக்குப் போயின. இரண்டுமே தேவையான போட்டிகள்தான். ஆனால் சென்னையில் அந்த ஆண்டுப் பொங்கல், ஒரு லீக் ஆட்டம்கூட இல்லாமல் கழிந்தது.

2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் அடுத்த ஆசியக் கோப்பை. இந்தியா தகுதி பெறவில்லை. எழுதவே மனம் கசக்கிறது. ஆனால் அதனால் ஜனவரி நமக்குக் காலியாக இருக்கிறது. சில வெளிநாட்டு வீரர்கள் தங்கள் நாட்டுக்காகப் போக வேண்டியிருக்கலாம். அதைத் தவிர லீக்கை நிறுத்தக் காரணம் இல்லை. இந்த ஒரு ஜனவரியையாவது வீணாக்காமல் இருக்க வேண்டும்.

எல்லா ஊரும் ஜனவரியே வேண்டும் என்றால் என்ன செய்வது?

எல்லா ஊரும் கேட்காது என்பதுதான் நமக்குச் சாதகம். டெல்லியில் நவம்பரில் காற்று மாசு, டிசம்பர் கடைசியிலிருந்து மூடுபனி. 2017 டிசம்பரில் அங்கே டெஸ்ட் ஆட வந்த இலங்கை வீரர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஃபீல்டிங் செய்ததைப் பார்த்தோம். டெல்லிக்கு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும், பிறகு பிப்ரவரி பாதிக்கு மேலும் மார்ச்சும் நல்லவை. மும்பையிலும் கோவாவிலும் தென்மேற்குப் பருவமழை போன பிறகு எந்த மாதமானாலும் ஆடலாம். கொச்சியில் அக்டோபர் முழுவதும் மாலை இடியோடு துலாவர்ஷம் கொட்டும்; அவர்களும் நம்மைப் போலத்தான்.

ஆக, டெல்லி தன் உள்ளூர் ஆட்டங்களை முன்னால் எடுத்துக்கொள்ளட்டும். சென்னை அந்த நேரத்தில் வெளியூர் போகட்டும். ஜனவரியில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். 12 உள்ளூர் ஆட்டங்கள் கொண்ட சீசனில், சென்னைக்குப் பொற்காலப் பத்து வாரத்தில் ஆறு, செப்டம்பரில் இரண்டு, மழை மாதங்களில் ஒன்று, மார்ச்சில் மூன்று என்று பிரிக்க முடியும். தொடர்ந்து வெளியூரில் ஆடும் காலத்தில் அணி புள்ளிப் பட்டியலில் கீழே போய்விடும் என்று பயிற்சியாளர்கள் கவலைப்படுவார்கள். நியாயமான கவலை. ஆனால் அக்டோபரில் நனைந்துகொண்டு காலி நாற்காலிகளுக்கு முன் ஆடும்போது சொந்த மண்ணின் பலம் எங்கிருந்து வரும்?

மழையில் ஆடுவது கால்பந்துக்குப் புதிதா என்ன?

புதிதே இல்லை. கொல்கத்தா மைதானத்தில் குளிர்காலம் கிரிக்கெட்டுக்கு, மழைக்காலம் கால்பந்துக்கு என்று பாகம் பிரித்திருந்தார்கள். 1911-ல் மோகன் பகான் அணி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ.எப்.ஏ. ஷீல்டைத் தூக்கியது ஜூலை 29-ல். சேறும் சகதியும் வங்காளக் கால்பந்தின் உயிரோடு கலந்தவை.

ஆடுபவனுக்கு மழை தடையில்லை. பார்க்க வருபவனைத்தான் நான் சொல்கிறேன். வியாசர்பாடியிலிருந்து இரண்டு சக்கர வண்டியில் பையனை உட்காரவைத்துக்கொண்டு வரும் தகப்பன், வேப்பேரி சாலையில் முழங்கால் தண்ணீர் என்று கேட்டதும் வண்டியைத் திருப்பிவிடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஐ.பி.எல். நடக்கும்போது கால்பந்து தாங்குமா?

சென்னையில் மிகவும் கஷ்டம். ஐ.பி.எல். மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஓடுகிறது; அதன் இரவு ஆட்டங்கள் 7:30 மணிக்குத் தொடங்குகின்றன. கால்பந்தும் அதே நேரம். சேப்பாக்கத்தில் மஞ்சள் நிறைந்திருக்கும் இரவில் பெரியமேட்டில், நம் நேரு ஸ்டேடியத்தில், நீலம் நிறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, தேரோட்டத்தன்று பக்கத்துத் தெருவில் கூட்டம் போடுவதைப் போன்றது. 2026 சீசன் இன்னும் மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டது. தொடங்கும்போது நம் நாட்டிலேயே இருபது ஓவர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. அது மார்ச் 8-ல் முடிந்ததும் ஐ.பி.எல். வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நடந்தது அது, புரிகிறது. வழி இருக்கும்போது லீக் சுற்றை மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இதே சிக்கலுக்கு 1989-ல் ஒரு முடிவு எடுத்தார்கள். அங்கே குளிர்காலம் ரக்பி லீக்குக்கும் ஆஸ்திரேலிய விதி கால்பந்துக்கும் சொந்தம். அவற்றோடு மோதி மாளாமல், தேசிய கால்பந்து லீக்கைக் கோடைக்கு மாற்றினார்கள். இன்றைய ஏ-லீக்கும் அந்தக் கோடையில்தான் நடக்கிறது.

எந்தக் கிழமை, எத்தனை மணி?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை இரவு. எட்டு மணி ஆட்டம். எனக்கு முன் வரிசையில் ஒருவர், ஆறு வயதுப் பையனோடு. பையன் நீலச் சட்டை. பின்னால் எண் பத்து. சட்டை முழங்கால் வரை தொங்குகிறது. முதல் பாதி முழுக்க எழுந்து நின்றே கத்தினான். இடைவேளையில் சமோசா தின்றான். அறுபதாவது நிமிடத்தில் தந்தையின் தொடையில் தலை வைத்தான். எழுபத்தைந்தாவது நிமிடத்தில் மணி ஒன்பதரை தாண்டியிருந்தது; அவர் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "திருவள்ளூர் போகணும் சார், காலையில இவனுக்கு ஸ்கூல்" என்றார் என்னிடம், ஏதோ தவறு செய்தவரைப் போல. அவர் படியிறங்கிய சற்று நேரத்தில் கோல் விழுந்தது. அந்தச் சத்தம் தெருவில் அவர் காதில் கேட்டிருக்கும். பையன் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்.

அந்தக் குடும்பம் டிக்கெட் வாங்கியது, வந்தது, கத்தியது. அதற்கு மேல் ரசிகனிடம் என்ன கேட்பது?

என் யோசனை எளிமையானது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சென்னை ஆட்டங்கள் சனி அல்லது ஞாயிறு, மாலை 5:30. ஏழரைக்கு முடியும். செங்கல்பட்டுக்காரரும் கும்மிடிப்பூண்டிக்காரரும் ஒன்பதரைக்குள் வீட்டில் சாப்பிட உட்காரலாம். செப்டம்பரிலும் மார்ச்சிலும் புழுக்கம் அதிகம் என்பதால் 7 மணி. வாரநாள் ஆட்டம் தவிர்க்க முடியாதபோது வெள்ளிக்கிழமை மட்டும்.

இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் எப்படி வந்தது தெரியுமா? 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை முடிக்கச் சொன்னது. ஆலையை விட்டு வெளியே வந்த தொழிலாளி எங்கே போவான் என்பதைப் பார்த்து ஆட்டத்தை வைத்தார்கள். அந்த நேரம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது.

தொலைக்காட்சி தரும் பணத்தை விட்டுவிட முடியுமா?

முடியாது, விடவும் வேண்டாம். ஆனால் காலி கேலரி தொலைக்காட்சிக்கும் நல்லதில்லை. ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் திங்கட்கிழமை ஆட்டங்களைக் கொண்டுவந்தபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2018 பிப்ரவரியில் டோர்ட்மண்ட் அணி திங்களன்று ஆடியபோது, 81,000 பேர் அமரும் அரங்கில் சுமார் 54,000 பேர்தான் வந்தார்கள். எப்போதும் மஞ்சள் சுவராக நிற்கும் தெற்கு கேலரியில் பெரிய ஓட்டைகள். எதிர்ப்பு தொடர்ந்தது, 2021-22 சீசனிலிருந்து திங்கள் ஆட்டங்களையே எடுத்துவிட்டார்கள். ரசிகன் வராவிட்டால் படம் பிடிக்க என்ன இருக்கிறது என்பதை ஒளிபரப்பாளரும் உணர்ந்த இடம் அது.

அட்டவணையை எவ்வளவு முன்னால் அறிவிக்க வேண்டும்?

குறைந்தது மூன்று மாதம். காரணம் ரயில் டிக்கெட்.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பெங்களூருக்கோ கொச்சிக்கோ வெளியூர் ஆட்டம் பார்க்கப் போகும் ரசிகன், அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தால்தான் வார இறுதிக்கு இடம் கிடைக்கும். ஆட்டத் தேதி அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? 2024-25 சீசனுக்கு முதலில் டிசம்பர் கடைசி வரையிலான ஆட்டங்களை மட்டுமே அறிவித்தார்கள். ஜனவரிக்குப் பிறகு என்ன என்று தெரியாமலே சீசன் தொடங்கியது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆகஸ்டில் தொடங்கும் சீசனுக்கு ஜூனிலேயே 38 வார அட்டவணையையும் வெளியிடுகிறது. ஒளிபரப்புக்காகப் பின்னர் நாள் மாறுவது உண்டு. ஆனாலும் எந்த வாரம் எந்த ஊர் என்பது ஜூனிலேயே தெரிந்துவிடும். அங்கே அட்டவணை வெளியாகும் காலையே ஒரு சின்னத் திருநாள். கல்யாணத் தேதியை அதைப் பார்த்து மாற்றுபவர்கள் உண்டு.

ஊரில் கோயில் திருவிழாவுக்கு யாரும் விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை. பங்குனி உத்திரம் எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். துபாயில் இருப்பவன்கூட அதற்கேற்ப விடுப்பு எடுக்கிறான். நாள் நிலையாக இருந்தால் ரசிகன் தன் வாழ்க்கையை அதைச் சுற்றி அமைத்துக்கொள்வான்.

பண்டிகை நாட்களில் ஆட்டம் வைக்கலாமா?

பண்டிகையை ஒட்டி வைக்கலாம். காவல்துறை முழுக்க வேறிடத்தில் நிற்கும் நாளில் வைக்கக் கூடாது. 2025 ஜனவரி 11-ல் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். நூறாண்டு கடந்த பகை. கொல்கத்தாவில் அறுபதாயிரம் பேர் வரக்கூடிய இரவு. கங்காசாகர் மேளாவுக்குக் காவலர்கள் போய்விட்டதால் பாதுகாப்பு தர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் குவாஹாத்தியில் நடந்தது. மோகன் பகான் 1-0 என்று வென்றது, கொல்கத்தா தொலைக்காட்சியில் பார்த்தது.

கங்காசாகர் மேளா ஒவ்வோர் ஆண்டும் மகர சங்கராந்தியை ஒட்டித்தான் வருகிறது. ஜனவரி 14 திடீரென்று முளைத்த தேதி இல்லை. அட்டவணை போடும் மேசையில் கொல்கத்தாக்காரர் ஒருவர் இருந்திருந்தால் அன்றே விரல் நீட்டிக் காட்டியிருப்பார்.

நமக்கும் இதே பாடம்தான். காணும் பொங்கலன்று சென்னைக் காவல்துறை முழுவதும் மெரினாவில் நிற்கும். அன்று ஆட்டம் கேட்கக் கூடாது. அதை அடுத்து வரும் சனி அல்லது ஞாயிறு சரியான நாள். ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், கையில் கொஞ்சம் பணமும் மனத்தில் பண்டிகையும் மிச்சமிருக்கும். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸாகவோ பெங்களூருவாகவோ இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுதோறும் அந்த வாரம், அந்த எதிரணி என்று நிலைநிறுத்திவிட்டால் ஐந்தே ஆண்டில் அது சென்னையின் வழக்கமாகிவிடும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட்டம் அப்படித்தான் வேரூன்றியது.

வேறு நாடுகள் சீசனையே மாற்றியிருக்கின்றனவா?

மாற்றியிருக்கின்றன, இப்போதும் மாற்றிக்கொண்டிருக்கின்றன.

ஜப்பானின் ஜே-லீக் 1993-ல் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ஆடிவந்தது. ஆசியக் கிளப் போட்டிகள் இலையுதிர்காலத்தில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடியும்படி மாறின. ஜப்பானின் கோடை வெக்கையும் ஆண்டுக்காண்டு கூடியது. 2023 டிசம்பரில் முடிவெடுத்து, 2026 ஆகஸ்டு முதல் புதிய சீசன், டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை குளிர்கால ஓய்வு என்று மாற்றினார்கள். பனி கொட்டும் பகுதியைச் சேர்ந்த அல்பிரெக்ஸ் நீகட்டா கிளப் எதிர்ப்புத் தெரிவித்தது. எனக்குப் பிடித்தது இதுதான்: முடிவுக்கும் நடைமுறைக்கும் நடுவே இரண்டரை ஆண்டு இடைவெளி கொடுத்தார்கள், பனிப் பகுதிகளின் பயிற்சி வசதிக்கு உதவவும் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கும் 2027-ல் இதே பாதையில் போகிறது.

அயர்லாந்து எதிர்த்திசையில் போனது. 2003-ல் குளிர்காலத்தை விட்டுக் கோடைக்கு வந்தது. நல்ல புல்தரை, நல்ல வானிலை, வெள்ளி இரவு ஆட்டங்கள். கூட்டம் உடனே பெருகிவிடவில்லை. நடுவில் பல கிளப்புகள் கடனில் மூழ்கின. அண்மையில்தான் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2025 பிப்ரவரியில் டப்ளினில் போஹீமியன்ஸ் – ஷாம்ராக் ரோவர்ஸ் ஆட்டத்துக்கு 33,000 பேருக்கு மேல் வந்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் பொறுத்திருந்தார்கள்.

நம் பக்கத்தில் ரசிகரைப் பார்த்து அட்டவணை போட்ட உதாரணம் உண்டா?

மலபார் செவன்ஸ். மலப்புறத்திலும் கோழிக்கோட்டிலும் மழை ஓய்ந்து அறுவடை முடிந்ததும் வயலில் கம்பு நட்டு, பலகை போட்டு, கேலரி எழுப்புவார்கள். நவம்பர் முதல் மே வரை, மின்விளக்கு வெளிச்சத்தில், அணிக்கு ஏழு பேர். இரவில்தான் ஆட்டம், ஆனால் பார்ப்பவர்களுக்கு வீடு பக்கத்து ஊர். மழை எப்போது, வயல் எப்போது காலி, வளைகுடாவிலிருந்து யார் எப்போது விடுப்பில் வருவார் என்று எல்லாம் தெரிந்த ஊர்க்காரர்கள் போட்ட அட்டவணை அது. ஆப்பிரிக்காவிலிருந்து வீரர்கள் வந்து ஆடும் அளவுக்கு அதில் கூட்டமும் பணமும் இருக்கின்றன.

அட்டவணையை மாற்றினால் மட்டும் அரங்கு நிரம்பிவிடுமா?

நிரம்பாது. அணி வெல்ல வேண்டும். கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் பதினொருவரில் இருக்க வேண்டும். ஆனால் இவற்றுக்கெல்லாம் பணமும் ஆண்டுகளும் தேவை. மாலை எட்டை ஐந்தரை ஆக்குவதற்கு மனம் மட்டும் போதும்.

அடுத்த அட்டவணை வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

ஜனவரிப் பக்கத்தை. பொங்கலுக்கு அடுத்த வார இறுதியில் சென்னையில் ஆட்டம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று. இருந்தால் அன்றே நான்கு டிக்கெட் எடுத்துவிடுவேன். ஒன்று எனக்கு, இரண்டு அக்காவுக்கும் மாமாவுக்கும், இன்னொன்று இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கும் அவர்கள் மகனுக்கு. அவர்களுக்கும் வீடு திருவள்ளூர் பக்கம்தான்.